செருப்பு மாட்டும்போது வரும் சேதி

அவர் முன்னால் யாரும் லேசில் செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட முடியாது. மனு கொடுக்க வந்தவர் பேசி முடித்துக் கும்பிட்டு எழுந்தால் கூடவே இவரும் எழுந்துவிடுவார். வாசல்வரைக்கும் நடப்பார். எங்கள் பக்கத்து ஜனங்கள் அரசாங்க அலுவலகம் என்றால் யாரும் சொல்லாமலே செருப்பைப் படிக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். திரும்பிப் போகும்போது அவர்கள் செருப்பைத் தேடிக் காலை நுழைக்கிற நேரம் பார்த்து இவருடைய பூட்ஸ் கயிறு அவிழ்ந்துவிடும். குனிந்து அதைக் கட்ட ஆரம்பிப்பார். கட்டி முடிப்பதற்குள் வந்தவர் வாயிலிருந்து, "அப்புறம் இன்னொண்ணும்மா..." என்று ஒரு பேச்சு கிளம்பும். அந்தக் கயிறு ஒருநாளும் தானாக அவிழ்ந்ததில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"செருப்பு மாட்டும்போது வர்ற சேதிதான் சேதி" என்பார். "உள்ள பேசறதெல்லாம் வாய் காயாம இருக்கறதுக்கு."

நான் கள்ளக்குறிச்சியில் ஓர் அரசாங்க உதவி எண் அறையில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். எந்தத் துறை, எந்தக் கட்டடம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தீ, வெள்ளம், அடிதடி, காணாமல் போன பெண், கள்ளச் சரக்கு, பூட்டிக் கிடக்கிற ரேஷன் கடை என்று எது நடந்தாலும் முதலில் எங்கள் காதில்தான் வந்து விழும். அந்த அறைக்குப் பொறுப்பாகக் காவல் துறையிலிருந்து அயல்பணியில் வந்தவர் இவர். இன்ஸ்பெக்டர். நாங்கள் அம்மா என்போம்.

அடக்கம் என்பதை அவருக்குச் சீருடையோடு சேர்த்துக் கொடுக்க மறந்துவிட்டார்கள். வேதியியலில் முதுகலை, அதில் தங்கப் பதக்கம். அவரைச் சந்திக்கும் எவருக்கும் கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் இந்த விவரம் தெரிந்துவிடும். கனத்த உடம்பு, கணீரென்ற குரல். ஜெயித்துவிட்டால் மேசையை அறைவார், தோற்றால் மேசையை இன்னும் பலமாக அறைவார். யாரையும் பாராட்டிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. திட்டுவதாக இருந்தால் முகத்துக்கு நேரே, சுற்றி இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி திட்டுவார். "எனக்கு வாசப்படிப் பேச்சே கெடையாது. எல்லாத்தையும் உள்ளயே கொட்டிட்டுப் போறவ நானு" என்று அதையும் ஒரு பதக்கம் மாதிரி சொல்லிக்கொள்வார்.

போனில் செருப்பு ஏது என்று கேட்கலாம். உண்டு. "சரி, வெச்சிடறேன்" என்று சொல்வதுதான் போனில் செருப்பு மாட்டுவது. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எங்கள் கை தானாகப் பொத்தானுக்குப் போகும். பின்னாலிருந்து அவர் குரல் வரும்: "அவங்க வெக்கட்டும். நீ வெக்காத." எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால், "அப்புறம் ஒண்ணுமில்ல..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒண்ணுமில்லைக்குள்தான் எல்லாம் இருக்கும்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார், திட்டாமல் பதில் சொன்னார். "சேதி சொல்றவன் நாளைக்கும் அதே ஊர்லதான குடியிருக்கணும்? இன்னாரப் பத்தி சொல்லத்தான் போனான்னு தெரிஞ்சா வூட்டுல கல்லு வுழும். அதனால தெரு லைட்டு எரியலன்னு வருவான். அதயே பேசிக்கினு இருப்பான். போற போக்குல ஒண்ணு வாய்ல வந்துடுச்சு, அவ்ளோதான். நாளைக்கு யாரு கேட்டாலும், லைட்டு விசயமாத்தாம்பா போனேன்னு சத்தியம் பண்ணலாம். பொய்யும் இல்ல."

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நான் கருணாபுரத்துக்காரி. அப்பா மூட்டை தூக்கித்தான் எங்களை வளர்த்தார். எங்கள் பகுதியில் சாராயத்தால் வரிசையாகச் சாவு விழுந்த அந்த ஆண்டுக்குப் பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாலே கேட்பவர் முகம் ஒருமாதிரி ஆகும். ஐயோ பாவம் என்று சிலர், குடிகாரத் தெருவா என்று சிலர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஊரைச் சொன்னபோது இன்ஸ்பெக்டர் அம்மா மட்டும் எந்த முகமும் காட்டாமல், "அப்ப ஒனக்கு எதுவும் வெளக்க வேண்டியதில்ல. குந்து" என்றார். அன்று அவர் சொன்னது இப்போதுதான் புரிந்தது. எங்கள் தெருவிலும் யாரோ ஒரு பெண் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாரிடமாவது பேசப் போய், கிளம்பும்போது ஒரு வார்த்தை முனகியிருப்பாள். கேட்கிறவர்கள் அதற்குள் எழுந்து போயிருப்பார்கள். அப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த அறைக்குள்தான் அந்தப் புதுக் குமாஸ்தா வந்தது.

குமாஸ்தா என்பது நாங்கள் வைத்த பெயர். செயற்கை நுண்ணறிவு. யார் போன் செய்தாலும் கூடவே அதுவும் கேட்கும். பேச்சு முடிந்த கையோடு திரையில் சுருக்கம் எழுதிவிடும்: இன்னார், இந்த ஊர், இன்ன குறை, இந்தத் துறைக்கு அனுப்பலாம், அவசரம் இவ்வளவு. வூட்டாண்ட, கொல்லியாண்ட என்று யார் எப்படி இழுத்துப் பேசினாலும் அதை அலுவலகத் தமிழாக மாற்றிப் போடும். பதில் கடிதமும் எழுதும். அறிவிப்பு கேட்டால் அறிவிப்பு, அதை மைக்கில் சொல்கிற மாதிரி கேட்டால் மைக்கில் சொல்கிற மாதிரி. இதற்குப் பிறகு நாங்கள் எதற்கு என்று நினைத்தோம்.

அம்மாவோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சந்தோஷப்பட்டார். அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு விதவிதமாகப் பேசிப் பார்த்தார். மலைக்காரர் மாதிரி பேசினார், குடித்தவர் மாதிரி பேசினார், பல் போன கிழவர் மாதிரி பேசினார். எல்லாவற்றையும் அது எழுதியதும் மேசையை ஓர் அறை அறைந்தார். "எழுதற வேல போச்சுடி. கேக்கற வேல மட்டுந்தான் இனிமே. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கிறீங்களே."

ஆனால் குமாஸ்தாவுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கப்போகிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் அறைதான் எல்லா அறைகளிலும் மெதுவானது. ஒரு போனுக்கு நாங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் மற்றவர்களைவிட ஜாஸ்தி. காரணம் யார் என்று சொல்லவேண்டியதில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே எத்தனையோ பேர் லைன் கிடைக்காமல் நிற்கிறார்கள் என்றார் மேலதிகாரி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் குறை என்னவென்று குமாஸ்தாவுக்குப் புரிந்தவுடன், 'உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது, நன்றி' என்று அதுவே சொல்லி அதுவே போனை வைத்துவிடும்படி செய்யலாம் என்று யோசனை. வரும் திங்கட்கிழமை கூட்டத்தில் முடிவு. அதுவரைக்கும் வெள்ளோட்டமாக, அழைப்பை முடிக்கலாம் என்று ஒரு பச்சைப் பொத்தான் மட்டும் எங்கள் திரையில் மினுக்கும். அழுத்துவதும் அழுத்தாததும் எங்கள் இஷ்டம்.

"அது வெக்குமா? மொதல்ல அது வெக்குமா?" என்று கேட்டார் அம்மா. அன்று மேசைக்கு நல்ல அடி.

அந்தச் சனிக்கிழமை காலை. பள்ளிக்கூடம் லீவு. கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் பேசினாள். வயது நாற்பது இருக்கலாம். பின்னால் ஆட்கள் பேசிக்கொள்ளும் சத்தமும் கோழிச் சத்தமும் கேட்டன. மினி பஸ் அவர்கள் ஊர்வரைக்கும் வருவதில்லை, கீழேயே திரும்பிவிடுகிறது, அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறவேண்டியிருக்கிறது. இதையே முன்னாலும் பின்னாலுமாகத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். குமாஸ்தா பாதிப் பேச்சிலேயே சுருக்கம் எழுதி முடித்துவிட்டது. பொருள்: போக்குவரத்து. அவசரம்: குறைவு. பச்சைப் பொத்தான் மினுக்க ஆரம்பித்தது.

"அப்ப வெச்சிடறன் சாமி" என்றாள்.

அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது நிழலில் தெரிந்தது. நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. கோழிச் சத்தம் குறைந்தது; போனை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நடந்திருப்பாள் போல.

"அப்புறம் ஒண்ணுமில்ல சாமி. ஓடைக்கு அந்தாண்ட மரவள்ளிக் காட்டுல பன்னிக்குன்னு உருண்ட உருண்டயா என்னமோ போட்டு வெச்சிக்கிறாங்களாம். எங்க புள்ளைங்க அந்தப் பக்கமாத்தான் கடுக்கா பொறுக்கப் போயிக்கிதுங்க. சும்மா சொன்னேன்."

வைத்துவிட்டாள்.

திரையைப் பார்த்தேன். மினி பஸ் சுருக்கத்துக்குக் கீழே குமாஸ்தா ஒரு வரி சேர்த்திருந்தது: 'விவசாயம் மற்றும் விடுமுறை குறித்த பொதுவான பேச்சுடன் அழைப்பாளர் உரையாடலை நிறைவு செய்தார்.'

பன்றிக்குப் போடும் உருண்டை என்றால் எங்கள் பக்கம் தெரியாதவர் கிடையாது. அவுட்டுக்காய் என்பார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தோண்ட வரும் காட்டுப் பன்றியைக் கொல்வதற்காகத் தீனிக்குள் மறைத்துப் போடும் நாட்டு வெடி. பன்றி கடித்தாலும் வெடிக்கும், மாடு கடித்தாலும் வெடிக்கும். குழந்தை கையில் எடுத்துக் கல்லில் தட்டினாலும் வெடிக்கும். கடுக்காய் பொறுக்கப் போகிற பிள்ளைகள் தரையில் உருண்டையாக எதைப் பார்த்தாலும் எடுக்கத்தானே செய்வார்கள்.

அவளிடம் எந்த ஓடை, எந்தக் காடு என்று கேட்கவேண்டுமே என்று அவள் எண்ணை மறுபடி அழுத்தப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குப் பண்ணாத. கவுருமெண்டு ஏன் திருப்பிக் கூப்புடுதுன்னு பக்கத்துல இருக்கறவன் கேப்பான். பஸ்ஸு பத்திதான் அவ பேசனா. அப்புடியே இருக்கட்டும்."

மலைக் காவல் நிலையத்துக்கும் வனத்துறைக்கும் அவரே பேசினார். ஜீப் கிளம்பிவிட்டது. ஆனால் மலைப்பாதையில் ஜீப் ஏறுவதற்குள் பிள்ளைகள் ஓடையைத் தாண்டிவிடுவார்கள். அந்த ஊர் வாத்தியாருக்கு மட்டும் சொல்லிவிடலாமே என்றேன். தலையை ஆட்டினார். ஒரு ஊருக்கு மட்டும் சொன்னால் சொன்னவள் யார் என்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"மலை முழுக்கச் சொல்லணும். இப்பவே சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே குமாஸ்தா முன்னால் போய் உட்கார்ந்தார்.

வாத்தியார்களுக்குத் தனியாக, ரேஷன் கடைக்காரர்களுக்குத் தனியாக, கோயில் மைக்குக்குத் தனியாக அறிவிப்பு வேண்டும் என்றார். அது எழுதியது. 'பொதுமக்களின் மேலான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தது. அம்மா பல்லைக் கடித்தார். "மலையில பேசற மாதிரி எழுது. எம்மாம் நாளா கேட்டுக்கினு இருக்கற, தெரியாதா ஒனக்கு?" குமாஸ்தா ஒரு நொடி யோசித்தது. பிறகு எழுதியதைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

'ஏம்பா, எல்லாரும் கேளுங்க. புள்ளைங்கள மரவள்ளிக் காட்டுப் பக்கம் வுடாதீங்க. போனதுங்கள கூப்புட்டுக்குங்க. கீழ எது உருண்டையா கெடந்தாலும் தொடாதீங்க, தூக்கிப் போடாதீங்க. மலை முழுக்க இதத்தான் சொல்றோம்.'

அத்தனை நாளும் மலைக்காரர் பேசியதைக் கேட்டுக் கேட்டு அது கற்றுவைத்திருந்த பேச்சு. எங்களை உட்கார்த்தி எழுதச் சொல்லியிருந்தால் மதியம் ஆகியிருக்கும், அதுவும் பொதுமக்களின் மேலான கவனம்தான். ஒவ்வொன்றையும் அம்மா வாய்விட்டுப் படித்தார். தான் படிக்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்றார். 'வெடி' என்ற சொல்லை ஓர் இடத்தில் அடித்தார். பயந்து ஓடுகிறவன் எதையாவது மிதிப்பான் என்று காரணம் சொன்னார். பிறகு நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனைப் பிடித்தோம். மலையில் பாதி இடத்தில் போன் எடுக்காது. ஆனால் கோயில் மைக்குக்கு அந்தத் தொல்லை கிடையாது. அது ஓடை, காடு, பள்ளம் எல்லாவற்றிலும் எடுக்கும்.

அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. அந்தக் காத்திருப்பைப் போல ஒரு கொடுமையை நான் அனுபவித்ததில்லை. அம்மா அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். மேசையை அறையக்கூட இல்லை.

வயர்லெஸ்ஸில் மலைக் காவல் நிலையத்துக்காரர் குரல் வந்தது. மூச்சு வாங்கப் பேசினார். மைக் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் காட்டு ஓரத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் ஏற்கெனவே ஒன்றை எடுத்துக் கடுக்காயோடு பைக்குள் போட்டிருந்தாள். வாத்தியார் ஓடிப்போய், கோழிக்குஞ்சைப் படுக்கவைப்பது போல அந்தப் பையை மெதுவாகத் தரையில் வைக்கவைத்து, பிள்ளைகளைப் பின்னால் நடத்திக் கூட்டி வந்துவிட்டார். ஆட்கள் போய்க் காட்டையே சலித்து மற்றதையும் எடுத்துவிட்டார்கள்.

"புள்ளைங்க எல்லாம் வூட்டுக்கு வந்துடுச்சும்மா" என்றார் அவர்.

அம்மா மேசையை அறைந்தார் பாருங்கள், டீ கிளாஸ் எகிறிக் கீழே விழுந்தது. "எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, கோல்டு மெடலு! சும்மாவா?" என்றார். கெமிஸ்ட்ரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. எல்லாருக்கும் போண்டா வந்தது. குமாஸ்தா முன்னாலும் ஒரு போண்டாவை வைத்தார். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். எனக்கு ஒரு வார்த்தை பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். எண்ணெயைத் தொடைச்சிட்டு விசைப்பலகையைத் தொடு என்றார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பொறியாளர் வந்தார். குமாஸ்தாவை எங்கள் அறையில் நிறுவிய சேலத்துக்காரர். நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டு நிஜமாகவே கலங்கிப்போயிருந்தார். ஆனாலும் தன் தரப்பைச் சொன்னார். உலகத்தில் பெரும்பாலும் முக்கியமான விஷயத்தை முதலில்தான் சொல்கிறார்கள், கடைசியில் சொல்வது நன்றி, வணக்கம், வேறென்ன என்கிற மாதிரி சம்பிரதாயம். அதனால் கடைசிப் பேச்சுக்கு மதிப்புக் குறைவாகக் கொடுக்கும்படிதான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தலைகீழாக மாற்ற முடியாது. இதையெல்லாம் படம் வரைந்து பொறுமையாக விளக்கினார். அம்மா குறுக்கே பேசவே இல்லை. அதுவே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் பேசி முடித்து எழுந்தார். கணினி அறைக்குள் தூசு வரக்கூடாது என்று அவரும் ஷூவைக் கழற்றி வெளியே வைத்திருந்தார். அம்மா வாசல்வரைக்கும் கூடவே போனார். அவர் ஒரு காலை ஷூவுக்குள் நுழைத்தார். அம்மாவின் பூட்ஸ் கயிறு அவிழ்ந்தது.

"அப்புறம் மேடம்... ஒண்ணுமில்ல" என்றார் பொறியாளர். "வர்ற வியாழக்கிழமை வீட்ல பொண்ணு பாக்கப் போறாங்க. எங்க ஆபீஸ்ல லீவு தரமாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

அம்மா கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அந்த முகத்தில் இருந்த வெற்றியை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன்.

"ஏந்தம்பி, இவ்ளோ நேரம் உள்ள குந்திக்கினு பேசனயே. இத அப்ப எங்க வெச்சிருந்த?"

அவர் ஒற்றை ஷூவோடு நின்றார். முகம் சிவந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் அடக்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த ஷூவையும் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். கூட்டத்துக்கு நேரமாகும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று மாறியதுதான் இன்றுவரை இருக்கிறது. குமாஸ்தா எழுதும் சுருக்கத்தில் முதலில் வருவது, போன் செய்தவர் கடைசியில் சொன்னது. அதையும் அது தன் தமிழில் மாற்றக்கூடாது. அவர் சொன்னபடியே போடவேண்டும். அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம். போனைத் தானாக வைக்கும் அதிகாரமும் அதற்குக் கிடையாது. கூட்டத்தில் மேலதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, லைன் கிடைக்காதவர்களுக்காக இன்னும் இரண்டு ஆட்களைப் போட்டுக்கொள்ளலாம், பேசுகிறவர்களை முடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த முதல் வரிக்கு அலுவலகப் பெயர் 'இறுதிக் கூற்று'. எங்கள் அறைத் திரையில் மட்டும் பொறியாளர் குறும்பாக 'செருப்பு மாட்டும்போது' என்று போட்டுக் கொடுத்தார். வியாழக்கிழமை அவருக்கு லீவும் கிடைத்தது, பெண்ணும் அமைந்தது.

அதற்குப் பிறகு குமாஸ்தா எங்கள் ஜனங்களை எங்களைவிட நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் மலை ஊர்களிலிருந்து வரிசையாகப் போன். எல்லாம் கரண்டு இல்லை என்ற புகார். போனை வைக்கும்போது ஒருத்தர் ஓடையில் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது என்றார், இன்னொருத்தர் நேற்றுவரை தெளிவாக வந்த தண்ணீர் என்றார், வேறொரு ஊர்க்காரர் வேரோடு ஒரு மரம் மிதந்து போனதைச் சும்மா சொன்னார். வாங்கியது வெவ்வேறு ஆட்கள், எங்களில் யாருக்கும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. குமாஸ்தா சேர்த்தது. மேலே எங்கோ மண் சரிகிறது போலிருக்கிறது, கீழ் ஊரை எச்சரிக்கலாமா என்று சிவப்பில் கேட்டது. ஓடைக்கரைக் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றி முடித்த பிறகுதான் வெள்ளம் வந்தது. காலியான குடிசைகளைத்தான் அதனால் கொண்டுபோக முடிந்தது.

அம்மா அன்றைக்கும் போண்டா வாங்கினார். குமாஸ்தாவை வாயார மெச்சினார். எங்களை மெச்சவில்லை.

அயல்பணி முடிந்து, சர்வீசும் முடிந்து அவர் போன நாளில் அறையே கூடி நின்றது. மாலை, பழக்கூடை, போட்டோ எல்லாம் ஆனது. உள்ளே பேசும்போது எங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கும் குறையைச் சொன்னார். என்னைப் பார்த்து, நீ வேகமாகப் பேசுகிறாய், கம்மி பண்ணு என்றார். வாசலுக்கு வந்தோம். எல்லாருடைய கண்ணும் அவர் காலில்தான் இருந்தது. அன்று சீருடை இல்லை, சாதாரணச் செருப்பு. நானும் வேண்டுமென்றே குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அவர் பார்த்தார். சிரித்தார். "எங்கிட்டயேவா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை பேர் வாயைப் பிடுங்கியவருக்கு எங்களுக்கென்று ஒன்றுமே இல்லையா என்று வீடு வரைக்கும் பொருமிக்கொண்டே போனேன்.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் ஒரு போன். சின்னசேலத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார் ஒரு பெண்மணி. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் நாய்த் தொல்லை, காலையில் நடக்க முடியவில்லை, அரசாங்கம் தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று கணீரென்று ஆரம்பித்தார். எனக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. அவருக்கும் என் குரல் தெரியாமல் இருக்காது. இருவருமே காட்டிக்கொள்ளவில்லை. நாய்கள் என்ன நிறம் என்பதுவரைக்கும் நான் கேட்டேன். அவரும் விடாமல் சொன்னார்.

"சரி. வெச்சிடறேன்" என்றார்.

நான் வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். அவரும் வைக்கவில்லை, வாழ்நாளில் முதலில் வைத்துப் பழக்கமில்லாதவர். எதிர்முனையில் ஒரு ரயில் வந்து நின்றது, கூவியது, கிளம்பியது. பச்சைப் பொத்தானைத்தான் எடுத்துவிட்டார்களே, குமாஸ்தாவும் எங்களோடு சேர்ந்து காத்துக்கொண்டிருந்தது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

"அப்புறம் ஒண்ணுமில்ல" என்றார்.

நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"நல்லாத்தான் பண்றீங்க எல்லாரும். நீ கொஞ்சம் ஜாஸ்தி."

டக்கென்று வைத்துவிட்டார்.

திரையில் குமாஸ்தா எழுதியது. செருப்பு மாட்டும்போது: 'நல்லாத்தான் பண்றீங்க எல்லாரும். நீ கொஞ்சம் ஜாஸ்தி.' அதற்குக் கீழே நாய்த் தொல்லை, சின்னசேலம், அனுப்பவேண்டிய இடம். கடைசியில், முதல் வரிக்கு உடனடி நடவடிக்கை தேவையா என்ற கட்டத்தில், 'தேவையில்லை' என்று போட்டிருந்தது. அது ஒன்றுதான் தப்பு. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேன். மேசையை ஓர் அறை அறைந்தேன். எல்லாரும் திரும்பியதும், அறை முழுக்கக் கேட்கும்படி அந்த முதல் வரியைப் படித்தேன்.